முந்தி வந்த கோடு

நெடுமருதூர் நகராட்சியில் சாலையைக் கடக்க ஒரு வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் அந்த இடத்தில் மூன்று பேர் செத்திருக்க வேண்டும். யாரோ கல்நெஞ்சக்காரன் போட்ட சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு இருபத்தேழு கவுன்சிலர்களும் ஆளுக்கொரு கோடு தங்கள் வீட்டு வாசலில் வேண்டுமென்று நின்று, அதில் ஒருவர் மாமியார் வீட்டு வாசலுக்கும் சேர்த்து இரண்டாகக் கேட்டு, மன்றக் கூட்டத்தில் நாற்காலி பறந்து மைக் உடைந்து போனதால், அப்போதிருந்த தலைவர் மண்டையில் கட்டோடு எழுந்து நின்று, மூன்று ஆண்டுக்குள், நூறு மீட்டருக்குள், எங்கே மூன்று உயிர் போகிறதோ அங்கேதான் கோடு என்று தீர்மானம் கொண்டுவந்தார். அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள், சண்டை ஓய்ந்தது. பிறகு தலைவர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, அந்தத் தீர்மானத்தை மட்டும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

பொறியியல் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்த செண்பகவடிவுக்கு அந்தத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் ஒரு வருஷம் கீரைக்காரப் பேச்சியம்மாளும் அடுத்த வருஷம் கணக்கு டீச்சர் ஜெபமணியும் லாரியில் அடிபட்டுப் போனபிறகு, பெற்றோர்கள் நானூறு கையெழுத்தோடு கோடு கேட்டு மனு கொடுத்தார்கள். அதில் ஒரு கையெழுத்து செண்பகவடிவுடையது; அவள் மகள் கனிஷ்கா அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படித்தாள். புருஷன் கோட்டயத்தில் பேக்கரியில் இருந்தான், வீட்டில் தாயும் மகளும்தான். காலையில் தாயாகக் கையெழுத்துப் போட்ட மனு மத்தியானம் உதவியாளராக அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவளும் கோப்பு போட்டு, எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினாள்: 'இதுவரை இருவர் மட்டுமே. மூன்றாவது உயிரிழப்பு நிகழ்ந்தபின் மன்றத்தின் பார்வைக்கு வைக்கலாம்.' எழுதும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது, டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டாள்.

அதற்கு நாற்பத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பள்ளி வாசலில் கோடு கிடந்தது. ஏழு பட்டைகள், உடைத்த தேங்காயின் உள்பக்கம் மாதிரி வெள்ளை. பெயிண்ட் வாடை இல்லை, தகர டப்பா இல்லை, போட்டவன் யாருமில்லை. பால்காரர் போகும்போது இல்லாமல் இருந்தது, திரும்பி வரும்போது இருந்தது, அவ்வளவுதான். ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நகராட்சி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதே என்பதுதான் பேச்சாக இருந்தது. சேர்மன் பரமகுரு, நாம் யாருக்காவது வேலை உத்தரவு கொடுத்தோமா என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றதும், சரி, அதனாலென்ன, திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்குங்கள் என்றார்.

பொறியாளர் ஞானதிரவியம்தான் கோப்பை எடுத்துவரச் சொன்னார். கடைசிப் பக்கத்தைப் படித்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"வடிவு, ரெண்டு பேருதான?"

"ஆமா சார். ரெண்டு பேருதான்."

"நல்லா பாத்தியா? ஆஸ்பத்திரிக்குப் போயி செத்தவங்க, கிழக்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி செத்தவங்க?"

"எல்லாம் பாத்துட்டேன் சார். ரெண்டே பேரு."

"அப்பம் கோடு எப்படி வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்த பியூன் இரண்டு பேரையும் பார்த்தார். பியூன் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. மார்க்கெட் முக்கில் இருந்த கோட்டுக்கு மூன்று பேர் போயிருந்தார்கள், பழைய பஸ் ஸ்டாண்டு கோட்டுக்கு மூன்று பேர், ஆஸ்பத்திரிக் கோட்டுக்கும் மூன்று பேர். மூன்று சாவு இல்லாமல் ஒரு கோட்டை அந்த ஊரில் பிறந்த யாரும் கண்டதில்லை. ஆகவே டீக்கடையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்த ஊர், மத்தியானத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தது. கோடு முந்தி வந்துவிட்டது, ஆள் பிந்தி வரும். அந்த மூன்றாவது ஆள் இப்போது உயிரோடு நம் நடுவில்தான் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அல்லது தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். யாரென்றுதான் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு அது யாரோ, செண்பகவடிவுக்கு அப்படியில்லை. மூன்றாவது நிகழட்டும் என்று தன் கையால் எழுதிக் கேட்டவள் அவள்தானே. கேட்டவள் வீட்டுக்குத்தானே முதலில் வரும் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த கனிஷ்காவை வாசலிலேயே நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். "என்னம்மா?" என்று பிள்ளை கேட்க, உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

ஊர் ஒரு பயத்தை எப்படி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுமோ அப்படிச் சேர்த்துக்கொண்டது. முதலில் ஒரு டிரம் தாரைக் காய்ச்சி ஊற்றி மூடினார்கள். தார் ஆறுவதற்குள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பால் பொங்குகிற மாதிரி வெள்ளை மேலே வந்தது. மறுநாள் இசக்கியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து கோட்டின் தலைமாட்டில் ஒரு சேவலை அறுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் சேவலைக் கணக்கில் எடுக்க முடியாதே என்று ஞானதிரவியம் உள்ளபடியே வருத்தத்தோடு சொன்னார். அப்புறம் எண்பத்து நாலு வயது வெள்ளைப்பாண்டி, எனக்கென்ன, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறேன், நானே போய்த் தொலைகிறேன் என்று முன்வந்தார். மருமகள்கள் தடுக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கொண்டுபோய்க் கோட்டின் நடுவில் போட்டார்கள், வெயிலுக்குக் குடை கட்டினார்கள், போகிற வருகிறவர்கள் ஓரத்தில் நின்று கும்பிட்டார்கள், டீக்கடையிலிருந்து நீளமான கழியில் தொங்கவிட்டு டீயும் வடையும் நீட்டினார்கள். பதினோரு நாள் அப்படிக் கிடந்தார். பன்னிரண்டாம் நாள், வெயில் பட்டதாலோ வடை தின்றதாலோ, ஆறு வருஷமாக எழுந்திருக்காத மனுஷன் கட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார்.

அவரை ஒரு வண்டியும் இடிக்காததற்குக் காரணம் இருந்தது. மூன்றாவது ஆள் நானாக இருக்குமோ என்பது நடக்கிறவர்களின் பயம் என்றால், அந்த ஆளை அடிக்கப்போகிறவன் நானாக இருக்குமோ என்பது டிரைவர்களின் பயம். அரசுப் பேருந்து, மினி பஸ், பால் வேன், மலையாளத்துக்கு மணல் கொண்டுபோகிற லாரி, எல்லாம் கோட்டுக்கு இருபது அடி முன்னாலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கோட்டைப் பார்த்துக் கும்பிட்டு, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, பிறகுதான் நடக்கிற வேகத்தில் தாண்டினார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காணக் கிடைக்காத அதிசயம் அது. கோட்டில் வண்டிகள் நின்றன. ஆனால் கடப்பதற்கு ஒரு ஈ காக்கை இல்லை.

ஏனென்றால் ஊர் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்று செய்திருந்தது. தீர்மானத்தில் நூறு மீட்டருக்குள் என்று இருக்கிறதல்லவா, ஆகவே நூறு மீட்டருக்கு அப்பால் கடந்தால் அந்தக் கோட்டின் கணக்கில் நாம் சேரமாட்டோம் என்று, டேப் வைத்து அளந்து, நூறு முடிகிற இடத்தில் புளியமரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அதற்கும் தெற்கே தள்ளிக் கடக்க ஆரம்பித்தார்கள். அந்த இடம் ஆயில் மில் வளைவு. மில்லின் மதில் மறைக்க, வருகிற வண்டி நிற்கிறவனுக்குத் தெரியாது, நிற்கிறவன் வண்டிக்குத் தெரியாது. கோட்டில் நின்று தாமதமான வண்டிகள் விட்டதைப் பிடிக்க அங்கேதான் மிதித்தன. அங்கே வெள்ளைக் கோடு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, பொன்னுத்தாய் மட்டும் இருந்தாள்.

பொன்னுத்தாய் பள்ளியில் சத்துணவு ஆயா. யாரும் சொல்லாமலே காலையும் மாலையும் அந்த வளைவில் வந்து நின்று, சேலையை இழுத்துச் செருகி, ஒரு கையை லாரிகளுக்கு நேரே நீட்டிக்கொண்டு, மறு கையால் பிள்ளைகளைப் பத்துப் பத்தாகக் கடத்திவிட்டாள். செண்பகவடிவு கணக்கெடுக்கும் நோட்டோடு வளைவுக்கு வந்த அன்று, பொன்னுத்தாய் ஒரு கூட்டத்தைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கோடு போட வேண்டிய ஆபீசுல இருக்க பொம்பள, நீங்களே இங்கன வந்துல்லா நிக்கிய?"

"எண்ணிக்கை எடுக்க வந்தேன்க்கா. வளைவுலயும் ஒரு கோடு கேட்டு எழுதலாம்னு."

"எழுதுங்க, எழுதுங்க. அதுவரைக்கும் என் கை தாங்குதான்னு பாப்போம். ராத்திரி தோளத் தூக்க முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒங்க புள்ள தங்கமான புள்ள. எங் கைய வுடவே மாட்டா."

காலை ஒரு மணி நேரத்தில் கோட்டில் கடந்தவர்கள் ஒருவருமில்லை, வளைவில் கடந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதைக் குறிப்பாக எழுதி ஞானதிரவியத்தின் முன்னால் வைத்தாள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்தப் பள்ளியில் தங்கை மகள் படித்தாள். ஆனால் அவர் கேட்டது இதுதான்.

"வளைவுல எத்தன பேரு செத்திருக்காங்க?"

"யாரும் இல்ல சார்."

"அப்பம்?"

"இனிமேத்தான் சாவாங்க சார்."

அவர் கோப்பை மூடி அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். அதை எடுத்துக்கொண்டு திரும்பும்போது செண்பகவடிவு மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலுக்கு ஒரு ஆள் பாக்கி, வளைவுக்கு மூன்று ஆள் பாக்கி. இடையில் நடப்பது அவள் பெற்ற பிள்ளை.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். கோட்டில் வண்டிகள் நிற்கின்றன, வளைவில் நிற்பதில்லை. ஆகவே கோடுதான் பத்திரம். இவ்வளவு சின்ன விஷயம் அவளுக்கும் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய? கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டின் ஓரத்தில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன, எஞ்சின்கள் அணைந்தன, டிரைவர்கள் கும்பிட்டார்கள். சாலை கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. பெட்டிக்கடைக்காரி ஓடிவந்து, "ஏ வடிவு, வேண்டாம்ளா, புள்ளையையும் வச்சுக்கிட்டு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், செண்பகவடிவின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முதல் பட்டை ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. கால் அதைத் தொட மறுத்தது. 'மூன்றாவது' என்று தான் எழுதிய சொல் அவள் மகளின் பெயர்தான் என்று அந்த நிமிஷம் அவள் சத்தியமாக நம்பினாள்.

"எம்மா, எல்லாரும் நம்மளயே பாக்காங்க," என்றாள் கனிஷ்கா. அவள் கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. "பொன்னுத்தாயி ஆயா அங்கன காத்துக்கிட்டு நிப்பாவ. வாம்மா, அங்கனயே போவோம்."

போனார்கள். வளைவில் பாதி தூரம் கடக்கும்போது மதிலுக்குப் பின்னாலிருந்து மணல் லாரி ஒன்று வந்தது. பொன்னுத்தாய் கனிஷ்காவின் சடையைப் பிடித்து இழுத்தாள். லாரி பிள்ளையின் பையில் தொங்கிய தண்ணீர் பாட்டிலை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. பாட்டில் உருண்டு நசுங்குகிற சத்தம் செண்பகவடிவின் காதில் அன்று முழுக்க இருந்தது.

வியாழக்கிழமை அவள் யாரையும் பார்க்கவில்லை. நாலு இருபதுக்கு மணி அடித்ததும் கனிஷ்காவை வாசலிலேயே பிடித்தாள், வண்டிகள் நின்றதும் கண்ணை இறுக்க மூடினாள், இசக்கியம்மனை ஒரு தடவையும் மாதாவை ஒரு தடவையும் கூப்பிட்டுவிட்டுப் பட்டையின் மேல் காலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பட்டை. பேருந்திலிருந்து யாரோ அழுவது கேட்டது. அடுத்தது. தார்ச் சாலை சுட்டது, வெள்ளை சுடவில்லை. கனிஷ்கா விசும்பிக்கொண்டே வந்தாள். ஆறாவது பட்டையில் செண்பகவடிவு கண்ணைத் திறந்தாள். உயிரோடு இருந்தாள், பிள்ளை உயிரோடு இருந்தது, அட இவ்வளவுதானா என்று சிரிப்புகூட வந்தது. இதோ பாருங்கள், ஒன்றுமில்லை, எல்லோரும் வாங்க என்று கூப்பிட வாயைத் திறந்தபோது வளைவிலிருந்து சத்தம் கேட்டது.

தெற்கேயிருந்து வந்த லாரி. அதன் டிரைவர் பாவம் பயந்த மனுஷன். வளைவு திரும்பி, தூரத்தில் கோடு கண்ணில் பட்டதும், எல்லா டிரைவர்களையும் போல, ஆனால் வண்டியை நிறுத்துமுன்பே, ஸ்டீயரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். பொன்னுத்தாய் பத்துப் பிள்ளைகளையும் தள்ளிவிட்டாள், தான் தள்ளிக்கொள்ள நேரமில்லை.

செண்பகவடிவு மகளைப் பெட்டிக்கடையில் உட்காரவைத்துவிட்டு ஓடினாள். நேற்று நான் காலை எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு ஊரே கோட்டில் கடந்திருக்கும், பொன்னுத்தாய் வீட்டில் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமல்ல, வாய்விட்டுச் சொன்னாள், எதிரில் வந்தவர்களைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். யாருக்கும் அதைக் கேட்க நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் ஞானதிரவியம் டேப்போடு வந்துவிட்டார்.

டேப்பின் ஒரு முனையைக் கோட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இழுத்துக்கொண்டு அவர் நடந்தார். ஊர் முழுவதும் சாலையின் இரண்டு பக்கமும் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. புளியமரத்துச் சிவப்புத் துணியைத் தாண்டி, லாரி இடித்த இடத்தில் குனிந்து படித்தார். "நூத்தி நாலு." கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கணக்கில் சேரவில்லை, மூன்றாவது ஆள் இன்னும் பாக்கி. ஒரு கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது சேர்மன் பரமகுரு மெதுவாகச் சொன்னார். "திரவியம், அடிபட்ட எடம் என்னத்துக்கு? உசுரு போன எடத்தல்லா அளக்கணும்."

லாரி வடக்குப் பார்த்து வந்த லாரி. பொன்னுத்தாயை அது கோட்டின் பக்கமாகத்தான் தூக்கி எறிந்திருந்தது. ஞானதிரவியம் திரும்பி நடந்து, மேலே வேட்டி போட்டு மூடியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, முகத்தில் வேறு ஒன்றும் இருந்தது.

"தொண்ணூத்தேழு," என்றார்.

ஊர் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சைத்தான் செண்பகவடிவு சாகும்வரை மறக்கமாட்டாள். காற்று மாதிரி அது வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒருவர் சொன்னார். யாருடைய தலை, யாருடைய தலைப்பாகை என்று அவரை யாரும் கேட்கவில்லை. பொன்னுத்தாயை எடுத்துக்கொண்டு போனபிறகு, பொழுது சாய்வதற்குள், ஆண்களும் பெண்களும் கைக்குழந்தைகளோடு வந்து கோட்டின் மேல் நடந்தார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் வேலையில்லாமலே இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லோருக்கும் பொன்னுத்தாய்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது. அவளுக்கு ஒரு படம் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஞானதிரவியம் கோப்பைக் கொண்டுவந்து அவரே அவள் மேசையில் வைத்தார். "எழுதிரு வடிவு. மூணாவது முடிஞ்சுது. இனி யாருக்கும் பயமில்ல." அவள் முடியாது என்று சொல்ல நினைத்தாள். ஆனால் பேனாவை எடுத்து, எழுதினாள். மன்றம் அன்றே கூடிக் கோட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள்.

சாயங்காலம் அவள் பள்ளிக்குப் போனாள், கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டின் ஓரத்தில் நின்றாள். மணல் லாரி வந்தது, நிற்கவில்லை. பால் வேன் வந்தது, நிற்கவில்லை. நேற்றுவரை எஞ்சினை அணைத்துக் கும்பிட்ட அதே அரசுப் பேருந்தின் டிரைவர், தலையை வெளியே நீட்டி, "ஏ பொம்பள, வண்டி வாறது கண்ணு தெரியலயா?" என்று கத்திவிட்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டே வெள்ளைப் பட்டைகளின் மேல் ஏறிப் போனார். மூன்று பேர் போயாயிற்று, கோடு கோடாகிவிட்டது, இனி அடிப்பவன் நானாக இருக்குமோ என்று பயப்பட யாருக்கும் காரணமில்லை. மில் வளைவிலும் இப்போது கையை நீட்ட ஆளில்லை.

செண்பகவடிவு அந்தப் பயத்தைத் திருப்பிக் கொடு, அவர்களுக்கு அந்தப் பயத்தைத் திருப்பிக் கொடு என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றாள். லாரிக்குப் பின்னால் லாரி வந்துகொண்டே இருந்தது.

"இப்பம் போலாமாம்மா?" என்றாள் கனிஷ்கா.

"இரு," என்றாள். "இருடி. இன்னும் கொஞ்சம் இரு."